சஸ்பீரியா பார்ட் 2: ஒரு ஜப்பானிய போஸ்டரைத் தண்ணீர் படாமல் சரிசெய்தது

1978-ல் ஜப்பான் தியேட்டர்களில் 'சஸ்பீரியா பார்ட் 2' என்று ஒரு படம் ஓடியது. இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜென்டோ அப்படி ஒரு இரண்டாம் பாகத்தை எடுக்கவே இல்லை. முந்தைய வருடம் அவருடைய பேய்ப்படம் 'சஸ்பீரியா' அங்கே சக்கைப்போடு போட்டது. உடனே அவர் 1975-லேயே எடுத்து முடித்திருந்த 'ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ'வைத் தேடிப் பிடித்து, பார்ட் 2 என்று பெயர் சூட்டி இறக்கிவிட்டார்கள். இரண்டு கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் பாகத்துக்கு இரண்டு வருடம் மூத்த இரண்டாம் பாகம்!

அந்தப் படத்தின் ஜப்பானிய போஸ்டர் ஒன்று என் கைக்கு வந்தது. நான்காக மடித்தது. பின்பக்கம் செல்லோடேப், கீழ் ஓரத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல், நான்கு மூலையிலும் ஊசித்துளைகள். இந்த நிலையில் இருந்ததால்தான் நான் கொடுக்கக்கூடிய விலைக்குக் கிடைத்தது. அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு. எதையெல்லாம் வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டேன் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பாதி வேலை அதுதான்.

முதலில் ஏன் ஐரோப்பியப் பேய்ப்படத்துக்கு ஜப்பானிய போஸ்டர் என்ற கேள்வி. இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் படங்கள் ஜப்பானுக்கு வந்தபோது, விநியோக நிறுவனங்கள் பெரும்பாலும் மூல போஸ்டரை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. படத்தின் ஸ்டில்களை வெட்டி ஒட்டி, எழுத்தைச் சேர்த்துப் புதிதாக வடிவமைத்தார்கள். விளம்பர வாசகமும் அவர்களே எழுதியது. 'தயவுசெய்து ஒருபோதும் தனியாகப் பார்க்காதீர்கள்' என்ற 'சஸ்பீரியா' வாசகம் ஜப்பானில் படத்தைவிடப் பிரபலம் என்றுகூடச் சொல்லலாம். அந்த 'தயவுசெய்து'வில் இருக்கும் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் படங்களை ஜப்பான் பத்திரமாக வைத்திருந்த கதை. பிரிட்டனின் ஹாமர் பட நிறுவனத்தின் 1958 'டிராகுலா'வில் தணிக்கையில் வெட்டுப்பட்ட காட்சிகள் டோக்கியோவின் தேசியத் திரைப்பட மையத்தில் இருந்த பிரதியில் மிஞ்சியிருந்தன. 1984-ல் அங்கே நடந்த தீவிபத்தில் முன்பகுதி ரீல்கள் போய்விட்டன. கடைசி நான்கு ரீல்கள், ஆறிலிருந்து ஒன்பது வரை, தப்பின. டிராகுலா வெயிலில் சிதைந்து சாம்பலாகும் காட்சி அதில்தான் இருந்தது. 2011-ல் அது தெரியவந்து, பிறகு சீரமைத்த பதிப்பில் சேர்த்தார்கள். டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீ தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் அந்தச் சில நொடிகளுக்கு லண்டன்காரர்கள் டோக்கியோவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். ஜப்பானிய சினிமா போஸ்டரில் வழக்கமான அளவு பி2. அதாவது 515 × 728 மி.மீ. இங்கேதான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலருக்குச் சிக்கல். ஜப்பானியத் தரத்தின் பி2 வேறு, உலகத் தரத்தின் பி2 வேறு. உலகத் தர பி2 500 × 707 மி.மீ. தான். ஐரோப்பாவிலிருந்து 'பி2 ஃபிரேம்' என்று வரவழைத்தால் அகலத்தில் 15, உயரத்தில் 21 மி.மீ. இடிக்கும். போஸ்டரின் ஓரத்தை வெட்டி உள்ளே நுழைத்த புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது அளவை நாடா வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சில மி.மீ. குறைந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள், அல்லது அது மறுபதிப்பு.

பி2 தவிர, இரண்டு பி2-வை மேலும் கீழுமாகச் சேர்த்த நீள போஸ்டர் உண்டு. தியேட்டர் வாசலில் பலகையில் ஒட்டி நிறுத்துவதற்கு அடித்தது. பலகையோடு போய்விடுவதால் மிஞ்சியது குறைவு, விலையும் அதற்கேற்ப. கையில் கொடுக்கும் பி5 துண்டறிக்கைகளை 'சிராஷி' என்பார்கள். 182 × 257 மி.மீ. தான். பேய்ப்பட போஸ்டர் சேர்க்க ஆசை, ஆனால் பணமும் சுவரும் இல்லை என்றால் சிராஷியில் தொடங்குங்கள். ஒரு சாதாரண ஃபைலில் ஒரு முழுச் சேகரிப்பே அடங்கும்.

நான் குடியிருப்பது டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் இடம். அங்கிருந்து ரயில் ஏறினால் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைத் தெரு பக்கம்தான். 1918-ல் தொடங்கிய, சினிமா, நாடகப் புத்தகங்களுக்கென்றே இருக்கும் யாகுச்சி ஷோட்டென் என்ற கடை அங்கேதான் இருக்கிறது. நகானோ பிராட்வே வணிக வளாகத்தின் மாண்டராகே கடைகளிலும் போஸ்டர் கிடைக்கும். கடையில் வாங்குவதில் ஒரு சௌகரியம், தாளை விரித்துப் பின்பக்கம் பார்க்கலாம். போஸ்டரின் முகம் எல்லோருக்கும் சிரிக்கும். முதுகைப் பார்த்தால்தான் வாழ்க்கை தெரியும்.

அசலா என்று பார்க்க நான் எடுத்துப் போவது ஒரு லூப், அதாவது சின்னப் பூதக்கண்ணாடி. ஆஃப்செட்டில் அடித்த படத்தை அதில் பார்த்தால் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான சின்னச் சின்னப் பூக்களாகத் தெரியும். இன்க்ஜெட் பிரதி என்றால் ஒழுங்கே இல்லாமல் மை தூவினமாதிரி இருக்கும். ஆஃப்செட்டிலேயே மறுபதிப்பு வந்திருந்தால் லூப் உதவாது. அப்போது அச்சிட்ட விவரங்களைப் படிக்க வேண்டும். தணிக்கை அமைப்பான எய்ரினின் முத்திரை இருக்கிறதா, விநியோகஸ்தர் பெயர் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறதா. உதாரணமாக, கவாகிதா நாகமாசா 1928-ல் ஐரோப்பியப் படங்களை இறக்குமதி செய்யத் தொடங்கிய தோவா நிறுவனம் 1975-ல்தான் தோஹோ-தோவா ஆனது. அறுபதுகளின் போஸ்டர் என்று சொல்லி ஒருவர் காட்டும் தாளில் தோஹோ-தோவா என்று இருந்தால், அது பின்னால் வந்த மறுவெளியீட்டுக்கு அடித்தது. மறுவெளியீட்டு போஸ்டர் போலி இல்லை, ஆனால் விலை வேறு.

கறுப்பு விளக்கு என்கிற புற ஊதா விளக்கைப் பலர் பரிந்துரைப்பார்கள். புதுத் தாள் நீலமாக ஒளிரும், பழைய தாள் ஒளிராது என்பது கணக்கு. தாளுக்கு வெண்மையூட்டும் ரசாயனம் ஐம்பதுகளிலிருந்தே புழக்கத்தில் உண்டு. ஆகவே 1978 போஸ்டர் ஒளிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 1930-களின் தாள் ஒளிர்ந்தால் மட்டும் பையை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை தாளின் குணத்தை அறிவது. எழுபதுகளின் ஜப்பானிய போஸ்டர்கள் பல, மேலே களிமண் பூசிப் பளபளப்பாக்கிய தாளில் அடித்தவை. பார்க்க அழகு, பழுது பார்ப்பவருக்குத் தலைவலி. ஈரம் பட்டால் அந்தப் பூச்சு இளகிப் பிசுபிசுக்கும். எதிரில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது படமே உரிந்து வரும். ஃபிரேம் விளிம்புக்குள் மறையப்போகும் வெள்ளை ஓரத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி தண்ணீர் வைத்து, உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்தேன். காய்ந்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மங்கியிருந்தது. முடிவாகிவிட்டது, இந்தத் தாளுக்குத் தண்ணீர் கிடையாது. அப்புறம் எத்தனால் சோதனை. ஒவ்வொரு நிறத்திலும் ஓரமாகத் தொட்டு ஒற்றினேன். பஞ்சில் எந்த நிறமும் ஏறவில்லை. எத்தனால் தாராளமாகப் புழங்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பின்பக்கம் கொஞ்சமாகப் பயன்படுத்தினால் முன்பக்கம் பிழைக்கும் என்ற அளவுக்கு நம்பலாம்.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் இந்த போஸ்டரைக் காட்டினால் 'துணியில் ஒட்டிவிடு' என்பார்கள். கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒரு தாள், அதன்மேல் நனைத்த போஸ்டர், நடுவில் கோதுமைப் பசை. பழைய பூச்சில்லாத போஸ்டர்களுக்கு அது நல்ல வழிதான். இந்தத் தாளுக்கு அது ஆபத்து. தவிர, ஜப்பானியக் கடைகளில் துணி ஒட்டாத தாளாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள், எனக்கும் அதுவே பிடிக்கும். தாளைக் கையில் எடுத்தால் தாள் மாதிரி இருக்க வேண்டும்.

தூசி தட்ட மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகை, அதற்கு அப்புறம் பின்பக்கம் மட்டும் ரப்பர் ஸ்பாஞ்ச். புகை படிந்த இடங்களைத் துடைக்கும் ஸ்பாஞ்ச் அது, காய்ந்தபடியே பயன்படுத்துவது. ஒரே திசையில் மெல்ல இழுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. முன்பக்கம் தூரிகையோடு நிறுத்தினேன்.

அடுத்தது செல்லோடேப். நேரத்தை எல்லாம் தின்றது இதுதான். செல்லோடேப்பின் பசை ரப்பர் சார்ந்தது. முதலில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். வருடம் போகப் போக எண்ணெயாகி மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கடைசியில் இறுகிக் கெட்டியாகி எந்தக் கரைப்பானுக்கும் மசியாது. மேலே இருக்கும் கண்ணாடிப் படலம் அந்தக் கட்டத்தில் தானாகக் கழன்று விழும், கறை மட்டும் நிற்கும். என் போஸ்டரில் எல்லாக் கட்டமும் இருந்தது. நடுமடிப்பில் இருந்த டேப் தொட்டதுமே உதிர்ந்தது. கிழிசலின் மேல் இருந்தது இன்னும் பிடிவாதமாகப் பிடித்திருந்தது.

பிடித்திருப்பதை எடுக்க ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்தேன். படலம் இளகியதும், ஒரு முனையைத் தட்டையான மெல்லிய கத்தியால் கிளப்பி, தாளோடு ஒட்டினாற்போலவே பின்னோக்கி மடித்து இழுத்தேன். நேராக மேலே இழுத்தால் தாளின் நாரும் சேர்ந்து வரும். படலம் போனபின் மிஞ்சும் பிசினை கிரேப் ரப்பர் கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தேன். மர வேலைக்காரர்கள் மணல்தாள் பெல்ட்டைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் அதே ரப்பர்தான், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பிசின் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேகம் காட்டினால் தாளின் மேல்தோல் உரியும். ஒரு பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய வேலை.

பிசின் போய்விட்டது, பழுப்புக் கறை போகவில்லை. முன்பக்கமும் லேசாகத் தெரிகிறது. அசிட்டோன் போட்டால் கறை கரையும், ஆனால் கரைந்தது எங்கே போகும்? கீழிருந்து காற்றால் உறிஞ்சும் மேசை இருந்தால் கறையைக் கீழே இழுக்கலாம். அது காப்பகங்களில் இருக்கும் சாமான். வீட்டில் செய்தால் கறை பரவிப் பெரிய வட்டமாகி நிற்கும். அதனால் கறையை விட்டுவிட்டேன். பிசினை எடுத்ததே போதும், இனி அது உள்ளே இறங்கப்போவதில்லை.

மடிப்பைச் சமப்படுத்துவதைக் கிழிசல் வேலைக்கு முன்னாலேயே முடிக்க வேண்டும். காரணம் பின்னால் சொல்கிறேன். தண்ணீர் படக்கூடாது, ஆனால் நீராவி கொஞ்சம் படலாம். ஈரமாக்கிப் பிழிந்த உறிஞ்சுதாள், அதன்மேல் கோர்டெக்ஸ் துணி, அதன்மேல் போஸ்டரின் பின்பக்கம். கோர்டெக்ஸ் மழைக்கோட்டில் இருக்கும் அதே சவ்வு. ஆவியை விடும், துளியை விடாது. மேலே பாலித்தீன் போட்டு மூடி, அவ்வப்போது தூக்கிப் பார்த்தேன். தாள் விறைப்பு விட்டுத் தொய்ந்ததும் எடுத்துவிட வேண்டும். பூச்சு பிசுபிசுக்கும் வரை வைத்திருந்தால் கதை முடிந்தது. எடுத்த உடனே முன்பக்கத்தில் ஒட்டாத பாலியஸ்டர் துணி, இரண்டு பக்கமும் உலர்ந்த உறிஞ்சுதாள், பலகை, மேலே பாரம்.

பாரத்துக்கு நான் வைத்தது பொன்னி அரிசி மூட்டைகள். புத்தகத்தை அடுக்கினால் மூலைகள் அழுத்தும், நடுவில் விட்டுப்போகும். அரிசி மூட்டை பலகை முழுக்கப் பரவி உட்காரும். "சோறாக்க அரிசி வேணும்னா பேயைக் கிளப்பணுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். உறிஞ்சுதாளை முதலில் அடிக்கடி மாற்ற வேண்டும், அப்புறம் ஒருவாரம் மறந்துவிடலாம். ஜூன் ஆரம்பத்திலிருந்து ஜூலை நடு வரை டோக்கியோவில் மழைக்காலம். அப்போது இந்த வேலையைத் தொடவே கூடாது, காயாது, பூஞ்சணம் பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் காற்று நன்றாக வறண்டிருக்கும்.

மடிப்பு தட்டையாயிற்று. ஆனால் மடிப்புக் கோட்டில் பூச்சும் மையும் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிவது அப்படியே இருக்கிறது. நீர்வண்ணத்தால் தொட்டு மறைக்கலாம் என்பார்கள். பூச்சுத் தாளில் வண்ணம் உதிர்ந்த இடத்தில் மட்டும் நிற்காது, பக்கத்திலும் கசியும். தியேட்டருக்கு அனுப்ப மடித்த தாள் இது, மடிப்பு தெரிந்தால் என்ன? ஊசித்துளைகளையும் அடைக்கவில்லை. யாரோ ஒருவர் இதை 1978-ல் சுவரில் குத்தியிருக்கிறார் என்பதற்கு வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

கிழிசலுக்கு வருவோம். வழக்கமான முறை ஜப்பானிய வாஷித் தாளும் கோதுமை மாச்சத்துப் பசையும். அந்தப் பசையில் பாதிக்குமேல் தண்ணீர், இங்கே உதவாது. பதிலாக, எத்தனாலில் கரையும் பசை ஒன்று இருக்கிறது. ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸ், காப்பகங்களில் க்ளூசெல் ஜி என்ற பெயரில் புழங்குவது. 100 மி.லி. எத்தனாலுக்கு 4 கிராம் வீதம் தூவி, மூடி வைத்து இரவு முழுக்க விட்டால் கட்டியில்லாமல் கரைந்துவிடும். தண்ணீர் கலக்காத எத்தனால் ஜப்பானில் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், சீக்கிரம் தீப்பிடிக்கும் சாமான்.

வாஷி எடுத்தது தோசா தெங்குஜோ, ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் கோசோ என்ற மல்பெரி நாரில் செய்வது. சதுர மீட்டருக்கு 5 கிராம் எடை. கையில் வைத்து ஊதினால் பறக்கும், ஆனால் நார் நீளமாக இருப்பதால் இழுத்தால் தாங்கும். பாலியஸ்டர் படலத்தின்மேல் வாஷியை விரித்து, கரைசலைத் தூரிகையால் பூசிக் காயவிட்டு, இன்னொரு கை பூசினேன். காய்ந்ததும் படலத்திலிருந்து உரித்தால் ஒரு பக்கம் பசை பூசிய தாள் தயார். வேண்டும்போது துண்டு எடுத்துக்கொள்ளலாம்.

துண்டைக் கத்தரியால் வெட்டாமல் கிழிக்க வேண்டும். வெட்டினால் ஓரம் கோடாக நின்று முன்பக்கம் அழுத்தித் தெரியும். கிழித்தால் ஓரத்தில் நார் நாராக நீட்டிக்கொண்டிருக்கும், அது தாளோடு கரைந்துபோகும். பசை பூசிய தாளில் தண்ணீரால் கோடு போட்டுக் கிழிக்க முடியாததால், ஊசியால் ஒரு கோடு கீறி அதன் வழியே பிய்த்தேன். விரல் அகலத்துக்குக் குறைவான துண்டுகள். கிழிசல் முழுவதுக்கும் ஒரே நீளத் துண்டு போடுவதைவிடச் சின்னத் துண்டுகளை வரிசையாக வைப்பது வசதி. கிழிசல் நேர்க்கோட்டில் போவதில்லையே.

போஸ்டரைக் கவிழ்த்து, கிழிசலின் இரண்டு உதட்டையும் இடுக்கியால் பொருத்தினேன். கிழிந்த இடத்தில் எந்த உதடு மேலே, எது கீழே என்று பார்த்து வைக்க வேண்டும், மாற்றி வைத்தால் முன்பக்கம் வெள்ளைக் கோடு தெரியும். துண்டை வைத்து, எத்தனால் தொட்ட சின்னத் தூரிகையால் மேலே ஒரு தடவு. உடனே எலும்பாலான மடிப்புக் கட்டையால் ஒட்டாத துணிக்கு மேல் அழுத்தி, உறிஞ்சுதாள் வைத்து, சின்னப் பாரம். எத்தனால் நொடியில் ஆவியாகிவிடுவதால் தாள் சுருங்குவதில்லை, அலை எழும்புவதில்லை. மடிப்புகள் குறுக்கே சந்திக்கும் நடுப்புள்ளியிலும் ஒரு துண்டு. மடித்த போஸ்டரில் முதலில் ஓட்டை விழுவது அங்கேதான்.

மடிப்பை முதலில் சமப்படுத்தச் சொன்ன காரணம் இதுதான். இந்தப் பசை எத்தனாலில் மட்டுமல்ல, குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். ஒட்டியபின் நீராவியில் வைத்தால் துண்டுகள் இளகிவிடும். பிடிப்பும் மாச்சத்துப் பசை அளவுக்கு இல்லை. அடிக்கடி சுருட்டி விரிக்கும் போஸ்டருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஃபிரேமுக்குள் நிற்கப்போகும் போஸ்டருக்குத் தாராளம். வேண்டாம் என்றால் நாளைக்கு வேறொருவர் எத்தனால் தொட்டு எடுத்துவிட முடியும், அந்த வசதி செல்லோடேப்பில் இல்லை.

ஃபிரேம் ஜப்பானிய பி2 அளவில் அலுமினியம். முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், பின்னால் அமிலமில்லாத அட்டை. அக்ரிலிக் போஸ்டரைத் தொடாமல் இருக்க உள்விளிம்பில் மெல்லிய இடைக்கட்டை கொடுத்தேன். பூச்சுத் தாள் அக்ரிலிக்கோடு உரசி, ஈரமும் சேர்ந்தால் அங்கேயே பற்றிக்கொள்ளும். போஸ்டரை அட்டையில் முழுக்க ஒட்டவில்லை, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு வாஷிக் கீல்கள். கீழே தொங்கட்டும், பருவத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்க அதற்கு இடம் வேண்டும். வெயில் விழாத நடைபாதைச் சுவரில் மாட்டியாயிற்று. ஹாலில் வேண்டாம் என்பது வீட்டுத் தீர்ப்பு.

அடுத்து மேசையில் இருப்பது இன்னொரு இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் 1960 பேய்ப்படமான 'லா மாஸ்கெரா தெல் தெமோனியோ'வின் பி2. இது பூச்சில்லாத மெல்லிய தாள், தண்ணீர்ச் சோதனையில் மை அசையவில்லை. டேப் இல்லை, ஆனால் ராமபாணப் பூச்சி ஓரத்தை மேய்ந்திருக்கிறது. இதற்கு மாச்சத்துப் பசையேதான். ஒரு பங்கு கோதுமை மாச்சத்துக்கு நான்கு பங்கு தண்ணீர், சிறு தீயில் அரைமணி நேரம் கைவிடாமல் கிண்டி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டக் காய்ச்சும் மைதாப் பசை வேண்டாம். அதில் புரதமும் சேர்ந்திருப்பதால் நாளாக ஆக மஞ்சளாகி விறைக்கும், பூச்சிக்கும் அதுதான் விருந்து. மாச்சத்து என்பது மைதாவிலிருந்து அந்தப் புரதத்தைக் கழுவி எடுத்தபின் மிஞ்சுவது. ஓவியக் கருவிகள் விற்கும் கடைகளில் தூளாகவே கிடைக்கிறது.